சுவரை விடுங்கள், ஆளைக் கூப்பிடுங்கள்

கேலரி நடத்துகிறவர்களுக்கும், அருங்காட்சியகங்களில் கண்காட்சி அமைக்கும் க்யூரேட்டர்களுக்கும், ஏல நிறுவனத்தாருக்கும், வாங்கி மாட்டுகிற சேகரிப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

தெருவில் வரைந்து திரிந்த ஒருவர் உங்கள் வெள்ளைச் சுவருக்கு வந்து சேர்ந்த கதை உங்களுக்கு மிகவும் பிடிக்கும். கண்காட்சிக் கையேட்டின் முதல் பக்கத்திலேயே அது இருக்கும். இரவில் ஸ்ப்ரே கேனோடு அலைந்தார், போலீஸ் துரத்தியது, ஒரு நாள் யாரோ ஒருவரின் தேர்ந்த கண் அவர்மேல் விழுந்தது, பிறகு உலகமே அவரை அறிந்தது. அந்தத் தேர்ந்த கண் எப்போதும் உங்களில் ஒருவருடையதாகவே இருக்கும். நான் சுவரில் வரைகிற ஆள். அவ்வப்போது உங்கள் அறைகளிலும் படம் மாட்டியிருக்கிறேன். அந்தக் கதையைப் பற்றியும், அந்தக் கதையின் பெயரால் நடக்கிற ஒரு வேலையைப் பற்றியும் உங்களிடம் பேச வேண்டியிருக்கிறது. வரைந்தவரைக் கேட்காமல் சுவரைப் பெயர்த்தெடுத்து விற்கிறீர்களே, அந்த வேலை.

அதற்கு முன் ஒன்று. கேட்காமல் அடுத்தவர் வீட்டுச் சுவரில் எழுதுவதை நியாயப்படுத்த நான் வரவில்லை. காலையில் கதவைத் திறந்தால் சுவரெங்கும் யாரோ ஒருவரின் பெயர் என்றால் எவருக்கும் எரிச்சல்தான் வரும். தெருவில் இருப்பதில் பாதிக்கு மேல் சுமார் ரகம். சாம்பல் பெயின்ட் அடித்து மூடினாலும் யாருக்கும் நஷ்டமில்லை. உங்களுக்கே பிடித்துப்போன மீதியைப் பற்றித்தான் பேசுகிறேன்.

நியூயார்க் சுவர்களிலிருந்து கேலரிக்கு வந்த ஓவியர் பாஸ்கியாவிலிருந்தே தொடங்கலாம், நீங்களும் அங்கிருந்துதானே தொடங்குவீர்கள். 2017 மே மாதம் நியூயார்க் சோத்பீஸ் ஏலத்தில், ஜான்-மிஷெல் பாஸ்கியா 1982-ல் வரைந்த, தலைப்பில்லாத அந்த மண்டையோட்டு ஓவியம் 11 கோடியே 5 லட்சம் டாலருக்குப் போனது. அதே ஓவியம் 1984-ல் 19,000 டாலருக்குக் கைமாறியது. இடையில் ஏறிய தொகையில் வரைந்தவருக்கு எதுவுமில்லை. அவர் 1988 ஆகஸ்டில், 27 வயதில் இறந்துபோனார். உயிரோடு இருந்திருந்தாலும் சட்டப்படி கேட்க முடிந்திருக்காது. மறுவிற்பனையில் ஓவியருக்குப் பங்கு தரும் சட்டம் ஐரோப்பிய ஒன்றியத்திலும் பிரிட்டனிலும் இருக்கிறது, அதற்கும் ஐரோப்பிய ஒன்றியத்தில் 12,500 யூரோ, பிரிட்டனில் 12,500 பவுண்டு என்று உச்சவரம்பு. அமெரிக்காவில் தேசிய அளவில் அப்படி ஒரு சட்டமே கிடையாது.

அவரை யாரோ 'கண்டுபிடித்தார்கள்' என்று எழுதுகிறீர்களே, அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். 1978 வாக்கில் நண்பர் ஆல் டியாஸோடு சேர்ந்து 'சாமோ' என்ற பெயரில் அவர் சுவர்களில் எழுதியவை பெரும்பாலும் வாசகங்கள். கிண்டலும் புதிரும் கலந்த வரிகள். கீழ் மன்ஹாட்டனில், சோஹோ கேலரிகளைச் சுற்றியிருந்த தெருக்களில் எழுதினார்கள். கண்காட்சிக்கு வருகிற ஆட்கள் கண்ணில் படாமல் போக வழியில்லாத இடங்கள். யார் படிக்க வேண்டும் என்று தெரிந்தே எழுதியிருக்கிறார். 1980 ஜூனில் 'டைம்ஸ் ஸ்கொயர் ஷோ' கண்காட்சி, 1981-ல் பி.எஸ்.1 கலைக்கூடத்தில் 'நியூயார்க்/நியூ வேவ்' கண்காட்சி, உடனே அனினா நொசேயின் கேலரி நிலவறையில் வரைய இடம். ஒரு கறுப்பின இளைஞரை நிலவறையில் அடைத்துவைத்துப் படம் தயாரிக்கிறார்கள் என்று அப்போதே பேச்சு கிளம்பியது. அவருக்கு அந்தப் பரிதாபமும் பிடிக்கவில்லை. நான் வெள்ளையனாக இருந்தால் இதற்கு 'ஆர்ட்டிஸ்ட் இன் ரெசிடென்ஸ்' (தங்கி வரைய அழைக்கப்பட்ட ஓவியர்) என்று கௌரவமாகப் பெயர் வைத்திருப்பீர்கள் என்ற பொருளில் பேட்டியிலேயே திருப்பிக் கொடுத்தார். யாராவது வந்து கரை சேர்க்கட்டும் என்று காத்திருந்த ஆள் பேசுகிற பேச்சு இல்லை அது.

உங்கள் கதையில் இன்னொரு ஓட்டை, நாயகர் எப்போதும் ஒற்றை ஆளாக இருப்பது. 1971 ஜூலை 21 அன்று நியூயார்க் டைம்ஸில் 'டாக்கி 183' பற்றிச் செய்தி வந்தது. 183-ஆம் தெருப் பையன். நகரெங்கும் நடந்து தபால் பொட்டலம் சேர்க்கிற வேலை. போகிற இடமெல்லாம் மார்க்கரால் பெயரைப் போட்டுவிட்டு வந்தவர். அவருக்கும் முன்னால் ஃபிலடெல்ஃபியாவில் 'கார்ன்பிரெட்' என்ற பெயரைச் சுவர்களில் எழுதியவர் இருந்தார். இவர்களைப் பார்த்து எண்ணற்ற பிள்ளைகள் கிளம்பினார்கள். 1972-ல் ஹ்யூகோ மார்ட்டினெஸ் அவர்களில் சிலரைச் சேர்த்து 'யுனைடெட் கிராஃபிட்டி ஆர்ட்டிஸ்ட்ஸ்' என்று குழு அமைத்தார். 1973-ல் ரேஸர் கேலரியில் அவர்கள் படம் மாட்டியாகிவிட்டது. அதாவது 'சாமோ' பிறப்பதற்குப் பல வருடம் முன்பே தெரு உங்கள் அறைக்குள் ஒருமுறை வந்துபோயிருக்கிறது. 1979-ல் நியூயார்க் கிராஃபிட்டி ஓவியர்கள் லீ கின்யோனெஸும் ஃபேப் 5 ஃப்ரெடியும் ரோம் நகரத்து லா மெடூசா கேலரியில் காட்சி வைத்தார்கள். ஈக்வடாரில் பிறந்த லேடி பிங்க் அதே வருடம்தான் ரயில் பெட்டிகளில் பெயர் போடத் தொடங்கினார், 15 வயதில், பெரும்பாலும் ஆண் பிள்ளைகளே நடமாடிய ரயில் யார்டுகளில். 1981-ல் நியூயார்க்கின் ஈஸ்ட் வில்லேஜில் ஃபன் கேலரி திறந்தது. 1983 டிசம்பரில் சிட்னி ஜேனிஸ் கேலரி 'போஸ்ட்-கிராஃபிட்டி' என்று தலைப்பிட்டு ஒரு கண்காட்சி நடத்தியது. ரயில்கள் அப்போதும் வண்ணத்தோடுதான் ஓடிக்கொண்டிருந்தன. கடைசி வண்ணப் பெட்டியை நிர்வாகம் ஓட்டத்திலிருந்து எடுத்தது 1989 மே மாதம். 1985-ல் ஃபன் கேலரி மூடப்பட்டது. சந்தை வேறு பக்கம் திரும்பியது. இரண்டு மூன்று பெயர்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களைக் கைகழுவிவிட்டீர்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். அதற்குக் கீத் ஹேரிங்கைவிடப் பொருத்தமான ஆள் எனக்குத் தெரியவில்லை.

1980-ல் அவர் நியூயார்க் சுரங்க ரயில் நிலையங்களில் ஒன்றைக் கவனித்தார். விளம்பரப் பலகையில் வாடகைக் காலம் முடிந்துவிட்டால், அடுத்த விளம்பரம் வரும்வரை அதன்மேல் மினுக்கமில்லாத கறுப்புத் தாளை ஒட்டி மூடிவிடுவார்கள். ஹேரிங் மேலே ஏறிப்போய் ஒரு கடையில் வெள்ளைச் சாக்பீஸ் வாங்கிவந்தார். வரைகிறவர்களுக்கு மட்டும் புரியும் சுகம் ஒன்று அதில் இருக்கிறது. அந்தத் தாளில் சாக்பீஸ் வழுக்காது, திக்காது; கை எங்கே போகிறதோ அங்கே கோடு கூடவே வரும். ஆனால் அழிக்க முடியாது. தேய்த்தால் சாம்பல் திட்டு விழுந்து கறுப்பு கெட்டுவிடும். முதுகுக்குப் பின்னால் ரயிலுக்குக் காத்திருக்கும் கூட்டம், எந்த நிமிஷமும் போலீஸ். முதல் கோடே கடைசிக் கோடாக இருக்க வேண்டும். தவழும் குழந்தை, குரைக்கும் நாய், பறக்கும் தட்டு எல்லாம் ஒரே தடிமனான கோட்டில் அடங்கிப்போனதற்கு அந்த அவசரமும் ஒரு காரணம். ஒரே நாளில் 40 படம்வரை வரைந்த நாட்கள் உண்டு. பல தடவை பிடிபட்டார், அபராதம் கட்டினார், மறுநாள் மறுபடியும் சாக்பீஸோடு இறங்கினார்.

1982-ல் டோனி ஷஃப்ராஸி கேலரியில் தனிக்காட்சி. பெயர் பரவியது. பெயர் பரவியதும் நிலையங்களுக்கு வேறு வகை ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். அவர் வரைந்துவிட்டு அடுத்த ரயிலில் ஏறுவதற்குள் தாளைப் பலகையிலிருந்து உரித்து, சுருட்டிக்கொண்டு போய் விற்றார்கள். மறுநாள் காலை வேலைக்குப் போகிறவர் பார்ப்பதற்கென்று வரைந்த படம் மறுநாள் காலை அங்கே இல்லை என்றால் எதற்கு வரைவது? 1985 வாக்கில் நிறுத்திவிட்டார். ஐந்து வருடம் போலீஸ் கைது செய்தும் நிற்காத ஒரு வேலையை, அதை விரும்பி வாங்கியவர்கள் நிறுத்திவைத்தார்கள். திருடியது நீங்கள் இல்லை என்று சொல்வீர்கள். வாங்க ஆள் இருந்ததால்தானே திருடினான்.

1986-ல் நியூயார்க்கில் சுவரில் பந்தைக் கையால் அடித்து ஆடும் ஒரு ஹேண்ட்பால் திடலின் சுவரில் அனுமதி இல்லாமல் 'கிராக் இஸ் வாக்' என்று போதைக்கு எதிராகப் பெரிய ஓவியம் தீட்டினார். அதற்கும் பிடித்தார்கள், அபராதம் போட்டார்கள். பிறகு அதே நகர நிர்வாகம் கூப்பிட்டு அதே சுவரில் மறுபடியும் வரையச் சொன்னது. ஹேரிங் 1990-ல், 31 வயதில் எய்ட்ஸ் நோயில் இறந்தார். சுவர் அதே திடலில்தான் இருக்கிறது. 2019-ல் அங்கேயே வைத்துப் புதுப்பித்தார்கள். பீசா நகரத்தில் ஒரு தேவாலயத்தின் பின்சுவர் முழுக்க 1989-ல் அவர் வரைந்த 'துத்தோமோந்தோ'வும் அப்படித்தான், இருந்த இடத்திலேயே பாதுகாக்கப்படுகிறது. தெரு ஓவியத்தை மழையிலும் வெயிலிலும் காப்பாற்ற முடியாது, அதனால்தான் உள்ளே கொண்டுவருகிறோம் என்று உங்களில் சிலர் சொல்லும்போது எனக்கு இந்த இரண்டு சுவர்களும்தான் நினைவுக்கு வரும்.

சுவரைப் பெயர்த்ததை நான் மனதார ஒத்துக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. 1983 செப்டம்பரில் மைக்கேல் ஸ்டூவர்ட் என்ற 25 வயது இளைஞரை, சுரங்க நிலையச் சுவரில் எழுதினார் என்று போக்குவரத்துப் போலீஸ் பிடித்தது. காவலில் நினைவிழந்தவர் சில நாட்களில் ஆஸ்பத்திரியிலேயே இறந்தார். வழக்கு நடந்தது, குற்றம் சாட்டப்பட்ட போலீஸார் விடுதலையானார்கள். இந்தச் செய்தி பாஸ்கியாவை உலுக்கியது. அந்த இடத்தில் நான் இருந்திருக்கலாம் என்று புலம்பியிருக்கிறார். ஹேரிங்கின் ஸ்டூடியோ சுவரிலேயே அந்தச் சாவை வரைந்தார். நீலச் சீருடையில் இரண்டு பேர் தடியை ஓங்க, நடுவில் முகமில்லாத கறுப்பு உருவம். ஹேரிங் அந்த இடத்தைக் காலி செய்தபோது பலகைச் சுவரை அறுத்து எடுத்துப்போய், சட்டம் போட்டுத் தன் கட்டிலுக்கு மேல் மாட்டிவைத்தார். கடைசிவரை அங்கேதான் இருந்தது. சுவர் அவருடைய ஸ்டூடியோ, வரைந்தவர் அவருடைய நண்பர், விற்கிற எண்ணம் கிடையாது. இந்த மூன்றும் பொருந்துகிற ஒருவர் உங்களிடம் ரம்பத்தோடு வந்தால் நான் வாயைத் திறக்க மாட்டேன்.

நடப்பது வேறு. 2012-ல் வடக்கு லண்டனில் ஒரு மலிவு விலைக் கடையின் பக்கச்சுவரில், தான் யார் என்று காட்டாமல் வரைகிற பிரிட்டிஷ் தெரு ஓவியர் பேங்க்ஸியின் படம் ஒன்று தோன்றியது. தையல் இயந்திரத்தின் முன் மண்டியிட்ட சிறுவன் பிரிட்டிஷ் கொடித் தோரணம் தைக்கிறான். தோரணத்துக்கு நிஜமான பிளாஸ்டிக் கொடிகள். ராணியின் வைர விழா நடக்கும் சமயம். மலிவான சரக்கு யாருடைய கையால் மலிவாகிறது என்று கேட்கிற படம், மலிவுச் சரக்கு விற்கிற கடையின் சுவரில். 2013 பிப்ரவரியில் சுவரோடு காணாமல் போய், மயாமியில் ஒரு ஏலப் பட்டியலில் தலைகாட்டியது. அந்தப் பகுதி மக்கள் கூச்சல் போட்டதால் ஏலத்திலிருந்து விலக்கினார்கள்; அதே ஜூனில் லண்டனில் விற்றுவிட்டார்கள். கடை இல்லாமல், தெரு இல்லாமல், ஒரு கூடத்து வெளிச்சத்தில் அந்தச் சிறுவன் யாருக்காகத் தைக்கிறான்?

2014-ல் இங்கிலாந்தின் ஃபோக்ஸ்டோன் நகரத்தில் பேங்க்ஸியின் இன்னொரு படம். விளையாட்டுக் கூடம் நடத்திய குத்தகைதாரர் சுவரை வெட்டி அமெரிக்காவுக்கு அனுப்ப, வழக்கு லண்டன் உயர்நீதிமன்றம்வரை போனது. அந்தத் துண்டு கட்டிட உரிமையாளருக்கே சொந்தம், குத்தகைதாரருக்கு இல்லை என்று 2015-ல் தீர்ப்பு. உரிமையாளர் தன் உரிமையை உள்ளூர்க் கலை அறக்கட்டளைக்கு எழுதிக் கொடுத்திருந்ததால் படம் ஊருக்கே திரும்பியது, நல்ல விஷயம்தான். ஆனால் வழக்கு முழுக்கச் செங்கல் யாருடையது என்றுதான் வாதம். வரைந்தவருக்கு அதில் பேச இடமே இருக்கவில்லை.

பேங்க்ஸியின் படைப்புகளுக்குச் சான்றளிக்கும் 'பெஸ்ட் கன்ட்ரோல்' அமைப்பு, தெருவிலிருந்து பெயர்த்த துண்டுகளுக்குச் சான்று தருவதில்லை. வரைந்தவரே விற்பனைக்கு இல்லை என்று சொல்லிவிட்ட கல்லை 'அரிய வாய்ப்பு' என்று அச்சடித்து நீங்கள் விற்கிறீர்கள். அதே மனிதர் 2013 அக்டோபரில் நியூயார்க் சென்ட்ரல் பார்க் ஓரத்தில் ஒரு பெரியவரை உட்காரவைத்து, யாருடையவை என்று சொல்லாமல் தன் அசல் கேன்வாஸ்களையே 60 டாலர் விலை போட்டுக் கடை விரித்தார். நாள் முழுக்க ஆன வியாபாரம் 420 டாலர். ஒரு அம்மா பேரம் பேசிப் பாதி விலைக்கு வாங்கிப்போனார். தேர்ந்த கண் பற்றிப் பேச்சு வரும்போது எனக்கு அந்த நாள் தவறாமல் நினைவுக்கு வரும்.

பெயர்க்கிற முறை தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். செங்கல்லோடு வேண்டுமானால் வைர ரம்பம். படலம் மட்டும் போதுமென்றால், படத்தின் முகத்தில் மெல்லிய துணியைப் பசை போட்டு ஒட்டி, காயவிட்டு, மூலையிலிருந்து மெதுவாக இழுப்பார்கள். பெயின்ட் துணியோடு தோல்போல உரிந்து வரும். பிறகு பின்பக்கம் ஒரு கேன்வாஸை ஒட்டி, முன்பக்கத் துணியைக் கழற்றிவிடுவார்கள். இடியப்போகும் தேவாலயங்களின் பழைய ஓவியங்களைக் காப்பாற்றக் கண்ட வித்தை, கைதேர்ந்தவர்கள் செய்கிற வேலை. அந்தத் தேர்ச்சியில் எனக்குக் குறையே இல்லை. எதற்குப் பயன்படுத்துகிறீர்கள் என்பதில்தான்.

2016-ல் இத்தாலியின் பொலோன்யா நகரத்தில் தெருக்கலைக் கண்காட்சி ஒன்று ஏற்பாடானது. அதற்காக, 'ப்ளூ' என்ற பெயரில் வரைகிற ஓவியரின் படைப்புகளை அவர் சம்மதம் இல்லாமல் சுவர்களிலிருந்து எடுத்தார்கள். ப்ளூ அந்த ஊரில் சுமார் 20 வருடமாக வரைந்து வந்தவர். கட்டிடத்தின் முழு உயரத்துக்கு, நீள்கம்பில் ரோலரைக் கட்டி, ஒரு மிருகத்துக்குள் நூறு மனிதர்கள் என்று அடுக்கி அடுக்கி வரைகிறவர். கண்காட்சி திறப்பதற்கு முந்தைய நாட்களில் உள்ளூர் நண்பர்களோடு கிளம்பி, அந்த நகரத்தில் தான் வரைந்து மிச்சமிருந்த எல்லாச் சுவர்களையும் சாம்பல் பெயின்ட் அடித்து மூடிவிட்டார். 2014-ல் பெர்லினில் தன்னுடைய இரண்டு பிரம்மாண்ட ஓவியங்களைக் கறுப்படித்து மூடியதும் இதே ப்ளூவின் சம்மதத்தோடுதான். அங்கே அந்த ஓவியங்களைக் காட்டியே வீட்டுமனை வியாபாரம் சூடுபிடித்துக்கொண்டிருந்தது. பொலோன்யா மக்கள் தினமும் கடந்துபோன சுவர்கள் ஒரே வாரத்தில் போய்விட்டன. அவரைக் குறை சொன்னவர்கள் உண்டு. ஊருக்குக் கொடுத்ததைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாமா என்று. நியாயமான கேள்விதான். ஆனால் அந்தக் கேள்வியை அவருக்கு முன்னால் கேட்க வேண்டியது துணியும் பசையும் கொண்டுபோனவர்களிடம்.

ப்ளூவுக்கு அருங்காட்சியகங்கள் புதிதில்லை. 2008-ல் லண்டன் டேட் மாடர்ன் தன் ஆற்றோரச் சுவரையே அவருக்கும் ஓஸ் ஜேமியோஸ், ஜேஆர் போன்ற தெரு ஓவியர்களுக்கும் கொடுத்தது. சரியான வழி அது, ஆளைக் கூப்பிட்டார்கள். 2010 டிசம்பரில் லாஸ் ஏஞ்சலிஸின் மோகா அருங்காட்சியகமும் அவரைக் கூப்பிட்டது; பெரிய தெருக்கலைக் கண்காட்சிக்கு முன்னோட்டமாக ஒரு சுவர். டாலர் நோட்டு போர்த்திய சவப்பெட்டிகளை வரிசையாக வரைந்தார். எதிரே முன்னாள் படைவீரர்களுக்கான ஆஸ்பத்திரி, பக்கத்தில் ஜப்பானிய-அமெரிக்கப் படைவீரர்களின் நினைவுச்சின்னம். நிர்வாகமே வெள்ளையடித்துவிட்டது. அந்தச் சங்கடம் எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் ஓவியரின் பழைய வேலையைப் பார்த்தவர் எவரும் அவர் பூந்தொட்டி வரைவார் என்று எதிர்பார்த்திருக்க மாட்டார். பெயின்ட் காய்வதற்கு முன்னால் பேச வேண்டியதைப் பேசியிருக்கலாம். அந்தக் கண்காட்சி 2011-ல் நடந்தபோது இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வந்தார்கள். 2009-ல் தெருவில் சுவரொட்டி ஒட்டிப் பெயர் வாங்கிய ஓவியர் ஷெப்பர்ட் ஃபேரிக்கு நடந்தது இன்னும் வேடிக்கை. அவர் செய்த ஒபாமா படத்தை அமெரிக்க தேசிய உருவப்படக் கூடம் தன் சேகரிப்பில் சேர்த்து அதிக நாள்கூட ஆகவில்லை. பாஸ்டனில் தன் சொந்த அருங்காட்சியக விழாவுக்குப் போகிற வழியில், தெருவில் ஒட்டிய பழைய குற்றத்துக்காகக் கைதானார்.

இப்போது உங்கள் கையில் இருக்கிற ஒரு ஆயுதத்தைப் பற்றிச் சொல்கிறேன், அது உங்களுக்கே தெரியுமா என்று எனக்குச் சந்தேகம். நியூயார்க்கில் '5பாயின்ட்ஸ்' என்று ஒரு பழைய தொழிற்சாலை இருந்தது. மேம்பால ரயிலில் போனால் ஜன்னல் முழுக்க வண்ணமாகத் தெரியும். கட்டிடக்காரர் அனுமதியோடு, 'மீரஸ் ஒன்' என்கிற ஓவியர் 2002 முதல் எந்தச் சுவர் யாருக்கு, எவ்வளவு நாளைக்கு என்று பார்த்து ஒழுங்கு செய்தார். 2013 நவம்பரில் ஒரே இரவில் கட்டிடக்காரர் எல்லாவற்றுக்கும் வெள்ளையடித்துவிட்டார். பிறகு கட்டிடத்தையும் இடித்தார். 21 ஓவியர்கள் வழக்கில் வென்றார்கள். 45 படைப்புகளுக்குத் தலா 1,50,000 டாலர் வீதம் மொத்தம் 67.5 லட்சம் டாலர் என்று 2018-ல் தீர்ப்பு. 2020-ல் மேல்முறையீட்டிலும் நின்றது. அமெரிக்காவின் 1990-ஆம் ஆண்டுச் சட்டம் அழிவிலிருந்து பாதுகாப்புத் தருவது 'அங்கீகரிக்கப்பட்ட தகுதி' உள்ள படைப்புகளுக்குத்தான். அந்தத் தகுதியை நிரூபிக்க எதைக் காட்டினார்கள்? நல்ல புகைப்படங்கள், வந்த கட்டுரைகள், கலை அறிந்தவர்களின் சாட்சியம். அதாவது உங்களைப் போன்றவர்களின் சொல். நீங்கள் ஒரு சுவரைப் பற்றி, அது நிற்கும்போதே, தேதி போட்டு, அளவு போட்டு, வரைந்தவர் பெயர் போட்டு நான்கு பக்கம் எழுதிவைத்தால், நாளைக்கு அது கோர்ட்டில் நிற்கும். இருபது வருடம் கழித்து நினைவுமலரில் எழுதுவதைவிட இதற்குப் பயன் அதிகம்.

ஹாங்காங்கில் 'கவ்லூன் மன்னர்' என்று ஒருவர் இருந்தார். கவ்லூன் நிலம் தன் முன்னோருடையது என்று நம்பி, தூரிகையும் மையும் கொண்டு சுமார் 50 வருடம் தெருத்தூண்களிலும் தபால் பெட்டிகளிலும் தன் உரிமையை எழுதிக்கொண்டே இருந்தவர். நகரம் அழித்துக்கொண்டே இருந்தது. 2003-ல் வெனிஸ் பினாலே என்ற சர்வதேசக் கலைக் கண்காட்சியில் அவர் எழுத்து இடம்பெற்றது. அவர் 2007-ல் இறந்த பிறகு, படகுத்துறை அருகே மிச்சமிருந்த ஒரு தூணைக் கண்ணாடிபோன்ற உறையால் மூடி அங்கேயே நிறுத்தினார்கள். பெரிய செலவில்லை. முன்னரே செய்திருந்தால் இன்னும் எவ்வளவோ மிஞ்சியிருக்கும்.

கேன்வாஸ் வேண்டாம் என்கிறேனா? இல்லவே இல்லை. சுவர் கற்றுக்கொடுக்காததைக் கேன்வாஸ் கற்றுக்கொடுக்கும். சுவரில் கோடு தோளிலிருந்து வருகிறது. கேன் வாயில் மாட்டும் கேப் தடிமனா மெல்லிசா, சுவருக்கும் கைக்கும் எவ்வளவு தூரம், காற்று எந்தப் பக்கம் என்பதெல்லாம் கோட்டில் தெரியும். அறைக்குள் காற்று இல்லை, அவசரமும் இல்லை. முதல் தடவை நின்று யோசிக்க நேரம் கிடைக்கிறது. பலருக்கு அங்கேதான் கை நடுங்கும். நியூயார்க் கிராஃபிட்டி ஓவியர் ஃபியூச்சரா 1980-லேயே ஒரு முழு ரயில் பெட்டியை எழுத்தே முன்னுக்கு வராத வண்ண மேகமாக அடித்துக் காட்டியவர். அதனால் அவர் அறைக்குள் வந்தபோது சுவரைக் காப்பியடிக்கத் தேவைப்படவில்லை. நான் போன ஒரு கேலரியில், படம் தெருவில் எடுத்ததுபோலத் தெரிய வேண்டும், பின்னணியில் செங்கல் வரைந்து கொடுங்கள் என்றார்கள். வெளியே நிஜச் செங்கல் சுவர் சும்மா நின்றது. அதில் வரைய அனுமதி கேட்டேன், கட்டிடத்தின் அழகு கெடும் என்றார்கள்.

ஆகவே என் கோரிக்கை இதுதான். வரைந்தவர் உயிரோடு இருந்தால், அவர் எழுத்தில் சம்மதம் தராத எந்தச் சுவர்த்துண்டையும் காட்சிக்கோ ஏலத்துக்கோ எடுக்காதீர்கள். இடிக்கப்போகும் கட்டிடம்தானே, காப்பாற்றினோம் என்ற சமாதானம் வேண்டாம். இடிப்பதற்கு முன் அவருக்கு ஒரு போன் போடலாம், அவர் போட்டோ போதும் என்றால் போட்டோ போதும். தெரு ஓவியரின் கேன்வாஸ் காட்சி வைக்கும்போது, கூடவே ஒரு சுவரும் கொடுங்கள். சுவருக்குக் கூலி உண்டு. பிரைமர், பெயின்ட், சாரம் அல்லது லிஃப்ட், விபத்துக் காப்பீடு, ஆள் கூலி என்று எல்லாவற்றையும் கணக்கில் எழுதுங்கள். 'உங்களுக்கு நல்ல விளம்பரம்' என்ற வார்த்தையை மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள். நாங்கள் ஏணியில் நிற்கிறோம், நீங்கள் நோகாமல் நுங்கு தின்கிறீர்கள்.

மறுவிற்பனைப் பங்குக்குச் சட்டம் வரட்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம். டாக்கி 183 பற்றிச் செய்தி வந்த அதே 1971-ல் க்யூரேட்டர் சேத் சீகலாப், ராபர்ட் ப்ரொஜான்ஸ்கி என்கிற வழக்கறிஞரோடு சேர்ந்து ஓர் ஒப்பந்தப் படிவம் தயாரித்துப் பொதுவில் விட்டார். படைப்பு மறுபடி விற்கும்போது கூடுகிற விலையில் 15 சதவீதம் ஓவியருக்கு என்று அதில் இருக்கிறது. வாங்குகிறவரும் விற்கிறவரும் கையெழுத்துப் போட்டால் போதும், எந்த நாட்டுச் சட்டமன்றத்தையும் கேட்க வேண்டாம். அரை நூற்றாண்டாகக் கிடக்கிற அந்தப் படிவத்தில் உங்களில் எத்தனை பேர் கையெழுத்துப் போட்டீர்கள் என்று பொதுவில் சொன்னால் நன்றாக இருக்கும்.

இந்த மடலுக்குப் பதில் எழுத நினைப்பவர்கள் பொதுவிலேயே எழுதுங்கள். உங்கள் கிடங்கில் ஏற்கெனவே பெயர்த்துவைத்த சுவர் ஏதேனும் இருந்தால் அதையும் அதில் குறிப்பிட்டுவிட்டு, வரைந்தவருக்கு ஒரு வரி எழுதிக் கேளுங்கள். தேடிப்பிடிக்க முடியவில்லை என்ற சாக்குப் பேங்க்ஸிக்கு வேண்டுமானால் செல்லும். மற்றவர்கள் படத்தின் கீழ் மூலையிலேயே இன்ஸ்டாகிராம் பெயரைப் போட்டுவைத்திருக்கிறோம்; அறுக்கும்போது அந்த மூலையை விட்டுவிடாமல் இருந்தால் சரி.

இப்படிக்கு,
சுவரில் வரைகிற ஒருவர்